பழைய கார்டின் வெப்பக் கணக்கு

என் கணினியில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1070 கிராஃபிக்ஸ் கார்டு, கடைசி நாள்வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. அதை மாற்ற வேண்டிய நெருக்கடி கணினி ஆட்டங்களிலிருந்துதான் வந்தது. 2016-இல் வெளியான அந்தக் கார்டில், ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ரே ட்ரேசிங்கிற்கென்று தனிப் பகுதி கிடையாது. 2024-இன் இறுதியிலிருந்து வரும் பெரிய ஆட்டங்களில் சிலவோ, அந்தப் பகுதி இல்லாத கார்டில் தொடங்கவே மறுக்கின்றன. போதாக்குறைக்கு 2025 அக்டோபரோடு அந்தக் கார்டு சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கான ஆட்ட டிரைவர்களையும் (புதிய ஆட்டங்களோடு கார்டை ஒத்துழைக்கவைக்கும் மென்பொருள்) என்விடியா நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். ஒன்பது ஆண்டுகள் டிரைவர் கிடைத்ததே பெரிது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் புதிய ஆட்டத்தைச் சொடுக்கினால் பிழைச்செய்தி வருகிறது, அதை ஆறுதலால் தீர்க்க முடியாது.

இதற்கு முன்பே நான் செய்திருந்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். புதிய கார்டைப் பற்றி யோசிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே 4கே மானிட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். அங்குசத்தை வாங்கி வைத்துக்கொண்டு யானைக்குக் காத்திருந்தவன் நான். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன; 1080பி-இல் இருப்பவை 20,73,600, அதாவது சரியாகக் கால் பங்கு. என் 1070-ஆல் அந்தக் கால் பங்கைத்தான் நிரப்ப முடிந்தது, ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் நான்காக நீட்டி, ஓரங்கள் மழுங்கிய படத்தை விலையுயர்ந்த திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு முடிவெடுக்கும் நேரத்தில் இந்த மானிட்டருக்குத்தான் அதிக ஓட்டு இருந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

என் கையில் இருந்த தொகைக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, புதிதாகப் பெட்டியோடும் வாரண்டியோடும் வரும் ஆர்டிஎக்ஸ் 5070: 12 ஜிபி நினைவகம், 250 வாட். மற்றொன்று, ஏறக்குறைய அதே தொகைக்கு யாரோ பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3090: 24 ஜிபி நினைவகம், 350 வாட், 2020 செப்டம்பரில் வெளிவந்தது. வெறும் வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை; சில ஆட்டங்களில் புதியது சற்று முந்தும். ஒரு காலத்தில் வரிசையின் உச்சியில் இருந்த கார்டும் இன்றைய நடுத்தரக் கார்டும் ஒரே தராசில் வந்து நிற்பது இந்தத் துறையில் வழக்கமானதுதான். ஆகவே கேள்வி வேகத்தைப் பற்றியது அன்று. கூடுதலாகக் கிடைக்கும் 12 ஜிபிக்காக நான் ஐந்து ஆண்டுப் பழைய, வரலாறு தெரியாத ஒரு பொருளை ஏற்கத் தயாரா என்பதே கேள்வி.

நினைவகம் போதாமல் போனால் என்ன நடக்கும் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. 3090 தன் சொந்த நினைவகத்தோடு வினாடிக்கு 936 ஜிபி வேகத்தில் பேசுகிறது. அங்கே இடம் நிரம்பிவிட்டால் மிஞ்சும் டெக்ஸ்சர்கள் (சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படங்கள்) கணினியின் பொது நினைவகத்தில் போய்க் கிடக்கும். தேவைப்படும்போதெல்லாம் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக வந்து போக வேண்டும். அந்த வழியின் வேகம், நான்காம் தலைமுறை என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 32 ஜிபி. என்னுடையதைப் போன்ற மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் அதில் பாதி. அகலமான நெடுஞ்சாலையில் விரைந்து வந்தவன் திடீரென்று ஒற்றையடிப் பாதையில் இறங்குவதற்கு ஒப்பானது இது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது, நன்றாகவே தெரியும். ஆனால் கதாபாத்திரம் ஒரு மூலையில் திரும்பும் கணத்தில் திரை அரை வினாடி உறைந்து நிற்கும், அல்லது எதிரே உள்ள சுவர் களிமண் பூசியது போல் மங்கலாகக் கிடந்து மெதுவாகத் தெளியும். பெஞ்ச்மார்க் என்னும் வேகச் சோதனைப் பட்டியலில் சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த உறைவு தெரியாது, ஆனால் விளையாடுபவருக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

1080பி-க்கும் 4கே-க்கும் இடைப்பட்ட 1440பி திரையில் விளையாடுபவருக்கு 12 ஜிபி பெரும்பாலும் போதும். அவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுப் புதிய கார்டை வாங்கலாம், அதில் எனக்கு ஐயமே இல்லை. 4கே-யில் ரே ட்ரேசிங்கையும் உயர்ந்த டெக்ஸ்சர்களையும் சேர்த்து இயக்கினால் சில ஆட்டங்கள் 12 ஜிபியைத் தாண்டுகின்றன. அதற்காக 24 ஜிபி வேண்டுமா என்றால் வேண்டாம். 16 இருந்தாலே நிம்மதிதான். இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு: 3090-இன் விலை அதன் வயதுக்கேற்ப இறங்காமல் நிற்பதற்கு ஆட்டக்காரர்கள் காரணமல்லர். வீட்டுக் கணினியிலேயே செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை இயக்குபவர்களுக்கு 24 ஜிபி என்பது பெரிய வரம், அவர்கள் கேட்கும் விலையையே நாமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டுக்காக மட்டும் வாங்குபவர் தாம் தொடவே போகாத சில ஜிபிகளுக்கும் பணம் கட்டுகிறார். இதை மனத்தில் குறித்துவைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்கினேன்.

தேடத் தொடங்கியதும் ஒவ்வோர் விளம்பரத்திலும் ஒரே வாசகம் கண்ணில் பட்டது: மைனிங்கில் போடாதது, ஆட்டத்துக்கு மட்டுமே பயன்படுத்தியது. மைனிங் என்பது கார்டுகளை ஓயாமல் கணக்குப் போடவைத்து எத்தீரியம் போன்ற மின்னணு நாணயங்களை ஈட்டுவது. அத்தனையும் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்பதற்குக் காரணம் அந்தக் கார்டின் பிறப்புக் காலம். 2020-லும் 2021-லும் கிராஃபிக்ஸ் கார்டுகள் கடைக்கு வந்த வேகத்திலேயே மறைந்தன, அவற்றில் கணிசமானவை எத்தீரியம் தோண்டும் ரிக்குகளுக்கு, அதாவது பல கார்டுகளை மாட்டி ஓட்டும் சட்டங்களுக்கு, போயின. 2021 மே மாத இறுதியிலிருந்து 3080, 3070 போன்றவற்றின் புதிய சரக்கில் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பூட்டை என்விடியா வைத்தது. 3090-க்கு அந்தப் பூட்டு வைக்கப்படவில்லை. மைனிங்கில் வினாடிக்குச் சுமார் 120 மெகாஹாஷ் (பன்னிரண்டு கோடிக் கணக்கு) தரும் பூட்டில்லாத கார்டை மைனிங்காரர்கள் விட்டுவைப்பார்களா? 2022 செப்டம்பர் 15 அன்று கார்டுகளே தேவைப்படாத முறைக்கு எத்தீரியம் மாறிக்கொண்டது, ஒரே நாளில் அந்த ரிக்குகளுக்கெல்லாம் வேலை போயிற்று. இன்று விற்பனைக்கு வரும் 3090-களில் பல அந்த ரிக்குகளிலிருந்து இறங்கி, இடையில் ஓரிருவர் கை மாறி வந்தவை. இப்போது விற்பவருக்கே அதன் முதல் இரண்டு ஆண்டுகள் தெரியாமலிருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது, அவரிடம் உண்மை இல்லை, அவ்வளவுதான்.

மைனிங் கார்டு என்றால் உடனே தள்ளிவிட வேண்டும் என்ற கருத்தோடுதான் நானும் தொடங்கினேன். விவரம் சேரச் சேர அந்தக் கருத்து தளர்ந்தது. எத்தீரியம் தோண்டும் வேலை கார்டின் நினைவகத்தைத்தான் பிழிந்தெடுக்கும், நடுச்சில்லுக்கு அதில் பெரிய வேலை இல்லை. மின்கட்டணத்தைக் கணக்குப் பார்க்கும் மைனிங்காரர் சில்லின் மின்னழுத்தத்தையும் வாட் வரம்பையும் இறக்கி வைத்திருப்பார். இரவும் பகலும் ஒரே சூட்டில் ஓடுவதால் சூடேறி ஆறும் சுழற்சியும் குறைவு. மாலையில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு அணைக்கும் கார்டின் பற்றவைப்புப் புள்ளிகள் தினமும் விரிந்து சுருங்குகின்றன, ரிக்கில் இருந்த கார்டுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் 3090-இன் அமைப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் 24 ஜிபி என்பது 1 ஜிபி சில்லுகள் இருபத்துநான்கு. அவற்றில் பன்னிரண்டு போர்டின் முன்புறத்திலும், மீதிப் பன்னிரண்டு பின்புறத்திலும் இருக்கின்றன. முன்புறத்தில் இருப்பவற்றுக்குச் சூட்டை உறிஞ்சும் உலோக ஹீட்சிங்கும் விசிறியும் உண்டு. பின்புறத்தில் இருப்பவை சூட்டைக் கடத்தும் மெத்தையான ஒரு தெர்மல் பேடைத் தாண்டி பின்தகட்டைத் தொட்டுக்கொண்டு, அந்தத் தகடு காற்றில் ஆறினால்தான் தாங்களும் ஆறும். இந்தக் கார்டின் நினைவகமான ஜிடிடிஆர்6எக்ஸ் இயல்பிலேயே சூடான வகை. 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐ-யில் 2 ஜிபி சில்லுகளைப் போட்டு எல்லாவற்றையும் முன்புறத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்பதிலிருந்தே இந்தச் சங்கடம் எவ்வளவு உண்மையானது என்று புரியும். ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டில் இருந்த பேட் எண்ணெய் கக்கிக் காய்ந்துபோகும், விசிறியின் பேரிங் தேயும். ஆகவே மைனிங்கில் இருந்ததா என்று வாயால் கேட்பதைவிட, நினைவகம் இப்போது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று கருவியால் கேட்பது மேல்.

முதலில் பார்க்கப் போன கார்டு மேலோட்டமாகக் குறையில்லாதது. தூசி இல்லை, பெட்டி இருந்தது, பில்கூட இருந்தது. விற்பவர் என் வயதுக்காரர். மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார். கார்டைத் திருப்பிப் பார்த்தபோது, நடுச்சில்லுக்குப் பின்னால் சிலுவை வடிவில் இருக்கும் நான்கு திருகுகளில் இரண்டின் தலை மட்டும் பளபளத்தது. கறுப்புப் பூச்சு உரிந்து உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்தால் ஸ்க்ரூடிரைவர் அங்கே ஒருமுறையாவது வழுக்கியிருக்கிறது என்று பொருள்.

"இதைத் திறந்து பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே, நான் தொடவே இல்லை. வாங்கினப்போ எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு" என்றார்.

அவர் தொடவில்லை என்பதை நான் நம்பினேன். யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பதையும் நம்பினேன். வெப்ப அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, கார்டை முழு வேகத்தில் உழைக்கவைக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஓட்டினோம். ஆறாவது நிமிடத்தில் சில்லின் வெப்பம் 71 டிகிரி. பார்ப்பதற்கு நல்ல எண். அதற்குக் கீழ்வரியில் ஹாட்ஸ்பாட், அதாவது சில்லின் மிகச் சூடான புள்ளி, 98. இரண்டுக்கும் இடையே பொதுவாகப் பத்துப் பதினைந்து டிகிரிதான் இருக்கும். 27 டிகிரி என்றால் சில்லும் ஹீட்சிங்கும் ஒரு பக்கத்தில் சரியாகப் பொருந்தவில்லை. நினைவகத்தின் ஜங்ஷன் வெப்பம் (சில்லுகளின் உட்புறச் சூடு) 104-இல் தொடங்கி 106, 108 என்று ஏறி 110-ஐத் தொட்டது. தொட்ட உடனே கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்தது, வரைபடக் கோடு படிக்கட்டு போல் கீழே இறங்கியது. விற்பவர் திரையில் 71-ஐ மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுபதுதானே இருக்கு, கூலா ஓடுது பாருங்க" என்றார். அவருடைய ஆட்டங்களில் அது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது.

நடந்திருக்கக்கூடியதை ஊகிப்பது கடினமன்று. முன்பு வைத்திருந்த எவரோ நினைவகச் சூட்டைக் குறைக்கப் பேடை மாற்றியிருக்கிறார், தேவையைவிடத் தடித்த பேடைப் போட்டிருக்கிறார். பேட் கால் மில்லிமீட்டர் தடித்தாலும் ஹீட்சிங்கை ஒரு பக்கம் தூக்கிவிடும். அப்போது சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசப்படும் பேஸ்ட் மட்டும் தனியாக நின்று சூட்டைக் கடத்த வேண்டியிருக்கும். நான் திறந்து சரிசெய்துகொள்ளலாம்தான். ஆனால் இரண்டு ஆண்டுகள் 110 டிகிரியில் வெந்த நினைவகத்தைப் பேடால் மீட்க முடியாது. இந்த வகை நினைவகத்தில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது: தவறாகப் போன தரவைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பிவிடும் வசதி அதில் உண்டு. ஆகவே நோய்வாய்ப்பட்ட சில்லு திரையில் வண்ணப் புள்ளிகளைக் காட்டாமல், வேகத்தை மட்டும் சத்தமின்றித் தின்றுகொண்டிருக்கலாம். வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இடையில் ஓர் ஆசை வந்து போயிற்று. இருப்பதை இன்னும் கொஞ்சம் கூட்டினால் 4090 கிடைக்குமே என்ற ஆசை. 2022 அக்டோபரில் வந்த அந்தக் கார்டு மைனிங் முடிந்த பிறகு பிறந்தது, ஆகவே அந்தக் கவலை இல்லை. அதற்கு வேறு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று அதன் மெல்லிய மின் இணைப்பான். முழுதாக உட்காராத செருகியில் 450 வாட் பாயும்போது பிளாஸ்டிக் உருகிய நிகழ்வுகள் உலகம் முழுதும் பேசப்பட்டவை, பழையதை வாங்குபவர் அந்தத் துளைகளை டார்ச் அடித்துப் பார்க்காமல் வரக் கூடாது. மற்றொன்று இன்னும் விபரீதமானது. நடுச்சில்லையும் நினைவகச் சில்லுகளையும் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் போர்டை ஹீட்சிங்கோடு பூட்டி, முழுக் கார்டு என்று விற்ற மோசடிகள் பழுதுபார்ப்பவர்களின் மேசையில் வெளிப்பட்டிருக்கின்றன. கையில் எடுத்தால் கனம் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. ஓடாத நிலையில் காட்டப்படும் கார்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைத் தொடுவதில்லை என்ற தீர்மானம் அன்று உறுதியானது. 4090 ஆசை தொகையைக் கூட்டிப் பார்த்ததும் தானாக ஆறிப்போனது.

இரண்டாவது கார்டை விற்றவர் இளைஞர். தொலைபேசியிலேயே அவர் சொன்ன முதல் வாக்கியம், "மைனிங்ல போட்டதுதான் சார், அதை மறைக்க மாட்டேன், அப்புறம் வந்து பாத்துட்டுத் திட்டாதீங்க" என்பது. போனேன். ஆறு கார்டுகள் நின்ற இரும்புச் சட்டம் இப்போது துணி உலர்த்தும் இடமாகியிருந்தது. கார்டைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். எந்த மாதம் ஓடத் தொடங்கியது, வாட் வரம்பு எவ்வளவு, எப்போது பேடை மாற்றினார், முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் எந்தத் தடிமன் போட்டார் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தார். நோட்டில் இருப்பது உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவரின் பொருள் வேறு விதமாகத்தான் நடத்தப்பட்டிருக்கும். இது தர்க்கம் அன்று, மனச்சாய்வு, இருந்தாலும் சொல்கிறேன்.

கார்டின் கோலம் முதல் கார்டைவிட மோசம். பின்தகட்டின் நடுவே சூட்டினால் மங்கிய திட்டு, விசிறி இதழ்களின் ஓரத்தில் துடைத்தும் போகாத சாம்பல் நிறக் கோடு. டார்ச் வெளிச்சத்தில் முதலில் பார்த்தது பிசிஐஇ விளிம்பின் கோடியில், மதர்போர்டின் பூட்டுக்குள் மாட்டும் கொக்கிக்கு அருகே. இந்தக் கனத்தில் உள்ள கார்டுகள் தாங்கு இல்லாமல் பல ஆண்டுகள் தொங்கினால் அந்த மூலையில்தான் போர்டில் தலைமுடி போன்ற விரிசல் விழும், அதைப் பழுதுபார்ப்பது பெரும்பாடு. விரிசல் இல்லை. ரிக்கில் நிமிர்ந்து நின்ற கார்டுக்குத் தொங்கும் பிரச்சினை இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. பெட்டியிலும் கார்டிலும் வரிசை எண் ஒன்றாக இருந்தது. வாரண்டி முடிந்து வெகுநாள் ஆகிவிட்டதால் அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை, திருட்டுப் பொருள் அன்று என்ற சிறு நிம்மதி மட்டும்.

அடுத்து, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட்டில் பயாஸ் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பைப் பார்த்தேன். 30 வரிசையின் பயாஸ் டிஜிட்டல் கையெழுத்தோடு வருவதால் அதை யாரும் திருத்தி எழுத இயலாது. ஆனால் வேறொரு மாடலின் பயாஸை ஏற்றி வாட் வரம்பைக் கூட்டுவது உண்டு. இதில் சொந்த பயாஸே இருந்தது. பிறகு நாற்பது நிமிட ஸ்ட்ரெஸ் டெஸ்ட். கார்டு நல்லது என்று சொல்ல ஐந்து நிமிடச் சோதனை போதாது, ஏனென்றால் பின்தகடு முழுதும் சூடேறி நிலைகொள்ளவே கால் மணி நேரம் பிடிக்கும். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபதாம் நிமிடத்தில் சில்லு 68, ஹாட்ஸ்பாட் 80, நினைவகம் 94. நாற்பதாம் நிமிடத்திலும் அதே 94. அதன்பின் மெம்டெஸ்ட் வல்கன் கருவியை ஓடவிட்டேன். நினைவகம் முழுதையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும் அது ஒரு பிழையும் காட்டவில்லை. பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணும் அந்த மாடலுக்கு உரிய அளவில் வந்தது, ஆகவே சத்தமின்றி வேகத்தைத் தின்னும் நோயும் இல்லை. ஒரே ஒரு குறை: இடப்பக்க விசிறி நிமிடத்துக்கு 1,400 சுற்றை நெருங்கும்போது மெல்லிய டிக் டிக் ஓசை.

"அந்த ஃபேன் போகப் போகுது சார். ஆறு மாசமோ ஒரு வருஷமோ தாங்கும். ஃபேன் செட் தனியாக் கிடைக்கும், அதுக்கு விலையைக் குறைச்சுக்கறேன்" என்று அவரே சொன்னார்.

அன்றே பணத்தைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டபோதுதான், கார்டின் விலை என்பது கார்டின் விலை மட்டும் அன்று என்று தெரிந்தது. என் பவர் சப்ளை 650 வாட். 350 வாட் கார்டுக்கு அது தாராளம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 3090 தொடர்ச்சியாக எடுப்பது 350 என்றாலும், சில மில்லி வினாடிகளுக்கு 500 வாட்டையும் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்துப் பயந்துபோகும் பவர் சப்ளை தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்; ஆட்டத்தின் நடுவே கணினி விளக்கணைந்தது போல் நின்றுவிடும், பிழைச்செய்திகூட இராது. இத்தகைய துள்ளல்களைத் தாங்க வேண்டும் என்ற விதியே பவர் சப்ளைகளுக்கென்று 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே 850 வாட் பவர் சப்ளை ஒன்று தேவை. கேபிளிலும் கஞ்சத்தனம் கூடாது: ஒவ்வோர் எட்டுமுனை இணைப்பும் 150 வாட்டுக்கு உரியது, ஒரே கேபிளின் இரட்டைத் தலையை இரண்டு துளைகளில் செருகிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கேபினெட்டின் முன்விசிறியைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாற்றினால்தான் நீளம் சரியாக இருக்கும் என்பதையும் டேப் வைத்து அளந்து கண்டேன்.

மின்சாரமும் உண்டு. 5070-க்கும் 3090-க்கும் வித்தியாசம் 100 வாட். தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட். தலை சுற்றும் தொகை அன்று, ஆனால் நான்கு ஆண்டுகளுக்குக் கூட்டினால் பவர் சப்ளையின் அருகே வந்து உட்காரும். அந்த 350 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும் என்பது வேறு. வசதிகளில் புதிய கார்டுக்கு நிச்சயமான அனுகூலம் ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது வரைந்த ஃபிரேம்களுக்கு இடையே கூடுதல் ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுவது. என்விடியாவின் அந்த வசதி 40 வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது, 3090-க்குக் கிடையாது. ஏற்கெனவே அறுபது ஃபிரேம் வரும் இடத்தில் அது அழகு சேர்க்கும், முப்பது வரும் இடத்தில் கையின் அசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதத்தை அது தீர்க்காது என்பதால் நான் அதற்கு அதிக மதிப்பெண் போடவில்லை. சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் அப்ஸ்கேலிங்கின் புதிய டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைக்கிறது; அதன் குவாலிட்டி நிலையில் கார்டு உள்ளே 1440பி-இல் வரைந்து 4கே-யாக உயர்த்திக் கொடுக்கும். என் மானிட்டருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே 1440பி-இல் வரைந்தாலும் டெக்ஸ்சர்கள் 4கே அளவிலேயே ஏற்றப்படும், ஆகவே நினைவகத்தின் தேவை மட்டும் அவ்வளவாகக் குறையாது.

எல்லாவற்றையும் கூட்டியபோது, பழைய கார்டு புதியதைவிட மலிவு என்ற பேச்சு அடிபட்டுப் போயிற்று. பவர் சப்ளையையும் வரப்போகும் விசிறிச் செலவையும் சேர்த்தால் 3090-தான் சற்றே அதிகம். மலிவுக்காகப் பழையதை வாங்குகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை. 4கே திரை முன்னால் இருக்கும்போது 12 ஜிபியில் இன்று திணறும் ஆட்டங்கள் சில, இரண்டு ஆண்டுகளில் பல. டெக்ஸ்சரைக் குறைத்துவைத்து விளையாடுவதற்காகவா அந்த மானிட்டரை வாங்கினேன்? மறுபக்கம், நாளைக்கே ஒரு சில்லு செத்தால் 5070-க்குக் கடை உண்டு, 3090-க்கு நான்தான். 16 ஜிபி உள்ள புதிய 5070 டிஐ இரண்டு கவலைகளையும் தீர்க்கும், ஆனால் அது என் தொகைக்குள் வரவில்லை. ஹீட்சிங்கைக் கழற்றிப் பேடை மாற்றக் கை நடுங்காதவன் நான். அப்படி இல்லாதவர் இந்தக் கணக்கை என்னைப் போல் முடிக்கக் கூடாது. நாற்பது நிமிடம் அசையாமல் நின்ற 94-ஐயும், விரிசல் இல்லாத மூலையையும் நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்த இளைஞரை அழைத்தேன்.

வந்த முதல் வாரத்தில் கார்டின் வாட் வரம்பை 80 சதவீதமாக்கி 280-இல் நிறுத்தினேன். ஃபிரேம் எண்ணிக்கையில் விழுந்த அடி, எண்ணைப் பார்க்காவிட்டால் தெரியாத அளவு. நினைவகம் 94-இலிருந்து 86-க்கு இறங்கியது. பின்தகட்டின் மேல் காற்று படும்படி கேபினெட்டின் பக்கவாட்டில் சிறிய விசிறி ஒன்றை நிறுத்தியதும் மேலும் நான்கு டிகிரி குறைந்தது. நன்றாக ஓடும் கார்டைத் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொண்டேன். அந்த இளைஞர் போட்ட பேட்கள் சரியான தடிமனில் இருக்கின்றன என்று ஹாட்ஸ்பாட் எண் தினமும் சொல்கிறது. அதற்கு மேல் நான் அங்கே போய்ச் செய்ய என்ன இருக்கிறது?

இடப்பக்க விசிறியின் டிக் டிக் இன்னும் இருக்கிறது. மென்பொருளில் விசிறியின் வேகக் கோட்டை வளைத்து, 1,300 சுற்றிலிருந்து நேராக 1,550-க்குத் தாவும்படி வைத்திருக்கிறேன். அந்த இடைவெளியில் நிற்காதவரை ஓசை கேட்பதில்லை. இரவில் ஆட்டத்தை முடித்து வெளியே வரும்போது வேகம் இறங்கும் வழியில் இரண்டு மூன்று டிக் மட்டும் காதில் விழும். மாற்று விசிறிகள் மூன்றும் மேசை இழுப்பறையில், உறை பிரிக்காமல் கிடக்கின்றன.